எலெக்‌ஷன் டைம்ல பந்தல், பிரியாணி ஆர்டர் எடுக்கிறவங்க படிங்க (மொரீஷியஸ்)

மொரீஷியஸ்ல கேட்டரிங், பந்தல், சவுண்ட் பண்ற நம்ம ஆளுங்க யாராவது இருந்தா இத படிச்சிட்டு அப்புறம் ஆர்டர் எடுங்க. 2024 நவம்பர் 10 எலெக்‌ஷனுக்கு ஒரு கட்சி ஏஜெண்ட் எனக்கு வச்ச பாக்கி 85,000 ரூபாய், இன்னும் வரல. எந்தக் கட்சின்னு எழுத மாட்டேன், ஜெயிச்சவங்களா தோத்தவங்களான்னு சொன்னாலே தெரிஞ்சிடும், ரிசல்ட்டே 60-0 ஆச்சே.

ஆள் தெரிஞ்சவர்தான். காவடி அன்னிக்கு கோயில்ல நெத்தி நிறைய விபூதியோட முன்வரிசைல நிப்பார். "தம்பி நம்ம பாஸுக்கு ஒரு பந்தல் போடு, சாயங்காலம் பிரியாணி அனுப்பு, நொமினேஷன் முடிஞ்சதும் செட்டில்"னார். பாஸ்னா தெருமுனைல தகரமும் கொடியுமா கட்சிப் பசங்க நடுராத்திரி வரைக்கும் உக்காந்திருப்பாங்களே, அதான். மொதல்ல கொஞ்சம் கேஷ் குடுத்தார், நம்பிக்கை வர்ற அளவுக்கு மட்டும். அப்புறம் அந்த மிஸ்ஸே முஸ்தாஸ் ஆடியோ லீக் (அந்தப் பேர்ல யாரோ பெரிய ஆளுங்களோட போன் பேச்ச நெட்ல விட்டாங்க) வந்து ஊரே கொதிக்க ஆரம்பிச்சதும் பாஸ்ல கூட்டம் ஏறிடுச்சு, எதிர்ல இன்னொரு கட்சி பாஸ், அவன் பாட்டு வச்சா இவன் சவுண்ட ஏத்துவான், எங்க ஸ்பீக்கர் ஒண்ணு அதுலயே காலி. ராத்திரியில எதிர்க்கட்சி தோரணத்த அறுக்கப் போற பசங்களுக்கும் எங்க டேக் (பிரியாணி அண்டா) சோறுதான். நவம்பர் 1 கவர்மெண்ட் சோஷியல் மீடியாவ பிளாக் பண்ணி மறுநாளே திறந்துச்சே, அன்னிக்கு ராத்திரியும் போன் பண்ணி "இன்னொரு டேக் அனுப்பு"ன்னார், பணத்தப் பத்தி பேச்சே இல்ல.

பில் குடுத்தா வாங்கவே மாட்டார். காரணம் எனக்குப் பின்னாடிதான் புரிஞ்சுது. வேட்பாளர் செலவுக்கு சட்டத்துல வரம்பு இருக்கு, கணக்கும் குடுக்கணும், ஓட்டுக்காக சோறு போட்டா அதுவே குத்தம். 2005ல 8ஆம் நம்பர் தொகுதில ஜெயிச்ச அஷோக் ஜக்நாத்துக்கு லஞ்சக் கேஸ்ல சீட்டே போச்சு (அது சோத்துக்காக இல்ல, வேலை, கல்லறை நிலம்னு வேற விஷயம்), லண்டன் பிரிவி கவுன்சில் (இங்க கேஸுக்கெல்லாம் கடைசி அப்பீல் கோர்ட்) வரைக்கும் போயும் 2008ல அப்பீல் தோத்துடுச்சு. அதனால பிரியாணிக்கு எவன் பேர்லயும் பேப்பர் இருக்காது, நாம கோர்ட்டுக்குப் போனா காட்டவும் ஒண்ணும் இருக்காது. இதத் தெரிஞ்சுதான் நம்மள மாதிரி சின்ன ஆளுங்கள பிடிக்கிறாங்க.

எலெக்‌ஷன் முடிஞ்சு போனா இன்னொரு கூத்து. இங்க தொகுதிக்கு 3 சீட், கூட்டணின்னா மூணு பேரும் ஒரே கட்சியா இருக்கணும்னு இல்ல. முதல் ஆள் ரெண்டாவது ஆள கைகாட்டுவார், அவர் மூணாவது ஆள, மூணாவது ஆள் "அது லோக்கல் ஏஜெண்ட் வேலை"ன்னு திரும்ப நம்ம விபூதிக்காரர்கிட்டயே அனுப்புவார், அவர் போன எடுக்க மாட்டார். பந்தல் துணி திரும்பி வந்தப்போ சிகரெட் ஓட்டை, ஓரமெல்லாம் போஸ்டர் பசை, அத கழுவி எடுக்க என் வீட்டுக்காரி பட்ட பாடு தனிக் கதை.

2025 மே முனிசிபல் எலெக்‌ஷனுக்கு (பத்து வருஷம் கழிச்சு நடந்துச்சு) வேற ஒருத்தர் அதே பேச்சோட வந்தார். ஃபுல் அட்வான்ஸ், ஆர்டர் பேப்பர்ல கையெழுத்து, ஐடி கார்டு காப்பி மூணும் கேட்டேன், "யோசிச்சு சொல்றேன்"னு போனவர் அடுத்த தெரு அக்காகிட்ட ஆர்டர் குடுத்துட்டார். அவங்களுக்கும் இப்ப பாக்கியாம். உங்களுக்கும் இப்படி நிக்குதுன்னா எனக்கு மெசேஜ் போடுங்க, வாட்ஸ்அப்ல வந்த ஆர்டர் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க, எல்லாரும் சேர்ந்து ஒரு வக்கீலப் போய் பாக்கலாம்.