‘டக்’ என்றால் ஈரல்: கிளிக்கரா, வாய்ச்சொல்லா?

கறுப்பி எட்டு வார நாய்க்குட்டியாக வந்தாள், இப்போது நான்கு மாதம். பெரம்பூரில் மூன்றாவது மாடி ஃபிளாட். அடிப்பதில்லை, கழுத்துப் பட்டையைச் சுண்டுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டோம் (அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கமும் 2021-ல், சரியாகச் செய்தால் தீனி கொடுத்துப் பழக்கும் வெகுமதி முறையைத்தான் பரிந்துரைத்தது). ஆனால் அந்த முறைக்குள்ளேயே இத்தனை கட்சிகள் இருக்கும் என்று யார் கண்டது?

முதல் சண்டை கிளிக்கருக்கும் வாய்ச்சொல்லுக்கும். கிளிக்கர் என்பது கைக்கு அடங்கும் பிளாஸ்டிக் டப்பி, அமுக்கினால் ஒரே மாதிரி சத்தம். குட்டி உட்கார்ந்து, பின்பக்கம் தரையைத் தொட்ட அந்த நொடியில் அமுக்கி, உடனே தீனி கொடுத்தால், எதற்காகக் கிடைத்தது என்று குட்டிக்குப் பளிச்சென்று புரிகிறது. நம் குரல் அப்படியில்லை, ஆபீஸ் முடிந்து வந்தால் ஒரு மாதிரி, காலையில் வேறு மாதிரி. சரி, ஆனால் ஒரு கையில் லீஷ், இன்னொரு கையில் ஈரல், எதிரே தெரு நாய்கள் நாலு, கிளிக்கருக்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது? நாங்கள் ‘டக்’ என்ற சொல்லுக்கு மாறினோம். முதலில் ‘சரி’ என்றுதான் வைத்தோம், அம்மா போனில் பேசும்போதெல்லாம் கறுப்பி ஓடிவந்து வாயைப் பார்த்ததும் விட்டுவிட்டோம். எதை வைத்தாலும் ஒரு கறாரான விதி: சத்தம் வந்தால் தீனி வந்தே ஆக வேண்டும்.

அடுத்தது தீனியைக் காட்டி இழுப்பதா, தானாகச் செய்யும்வரை காத்திருப்பதா. மூக்கருகே ஈரலை வைத்துத் தலைக்கு மேலே மெதுவாகப் பின்னால் கொண்டுபோனால் முகம் உயரும், பின்பக்கம் தானாக இறங்கும். முதல் நாளே பலன் தெரியும், ஆபத்தும் அதுதான். நான் இரண்டு வாரம் கையில் ஈரலோடு இதையே செய்தேன். பிறகு வெறுங்கையை நீட்டினால் விரலை முகர்ந்துவிட்டு, என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவாள். “ஏண்டா, ஈரல் இல்லாட்டி உன்னை மதிக்கவே மாட்டாளா?” என்றார் அம்மா. மூன்று நான்கு தடவையோடு கையைக் காலி செய்திருக்க வேண்டும். அதே கையசைவு, தீனி மட்டும் இடுப்புப் பையிலிருந்து. அது பழகியதும் ‘உட்கார்’ என்று முதலில் சொல்லி, ஒரு நொடி விட்டு, அப்புறம் கையை அசைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் சொல்லைக் கேட்காது, கையைத்தான் பார்க்கும்.

காத்திருப்பது மந்தம்தான், ஆனால் ‘படு’ என்பதற்கு அதுதான் என் ஓட்டு. மதிய வெயிலில் ஃபேனுக்குக் கீழே மொசைக் தரையில் அவளே தொப்பென்று விழுவாள், நாம் ‘டக்’ சொன்னால் போதும்.

ஒவ்வொரு தடவையும் தீனியா, எப்போதாவதா என்ற கேள்விக்கு இரண்டும் சரி, காலம்தான் வேறு. புதிய பாடத்துக்கு ஒவ்வொரு தடவையும். நன்றாக வந்ததும் இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று கணக்குத் தெரியாதபடி குறைக்கலாம். ஒரேயடியாக நிறுத்தினால் பழகியதும் போய்விடும். இன்னொன்று, ஹாலில் உட்காரும் குட்டிக்கு மொட்டை மாடியில் அது புதுப் பாடம், அங்கே மறுபடி ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் அவளுடைய வழக்கமான உலர் தீனி போதும், வெளியே வேகவைத்த கோழி ஈரல், துவரம்பருப்பு அளவுக்கு நறுக்கியது. தின்பண்டம் எல்லாம் சேர்த்து நாளின் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாக்லேட், திராட்சை, வெங்காயம் போட்ட குழம்புக் கறி மூன்றும் வேண்டவே வேண்டாம்.

தடுப்பூசி முடியும்வரை வெளியே காட்டாதே என்பார்கள் சிலர். அது முடிய 16 வாரம் ஆகும், குட்டி உலகத்தோடு பழகும் வயதோ 14 வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். தரையில் விடாமல் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரை போய் ஆட்டோ, குப்பை வண்டி, பள்ளிப் பிள்ளைகள் என்று காட்டினோம்.

நேற்றுக் காய்கறிப் பையோடு லிஃப்ட் முன்னால் நின்றபோது, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள். வாய் தவறி ‘டக்’ என்றுவிட்டேன். இடுப்புப் பை வீட்டில். கேரட்டின் நுனியைக் கடித்துக் கொடுத்துக் கடனை அடைத்தேன்.