மான்செஸ்டர் யூனிவர்சிட்டி அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க்: அசைன்மெண்ட் எழுதுற எல்லாரும் பாக்க வேண்டிய சைட்

வெளிநாட்டுல மாஸ்டர்ஸ் பண்ணப் போறவங்களும் சரி, இங்கயே பிஎச்டி பண்றவங்களும் சரி, அடிக்கடி கேக்குற கேள்வி அகாடமிக் இங்கிலீஷுக்கு எதப் பாக்குறதுங்குறதுதான். யோசிக்காம நான் சொல்றது மான்செஸ்டர் யூனிவர்சிட்டியோட அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க், அதாவது ரிப்போர்ட், டெசர்டேஷன்ல போடுற வாக்கிய அமைப்புகள சேத்து வச்சிருக்குற சைட். ஜான் மார்லிங்குறவர் உருவாக்குனது, சைட்ட யார் வேணாலும் காசு குடுக்காம பாக்கலாம். ஆரம்பத்துல அந்த யூனிவர்சிட்டி ஸ்டூடண்ட்ஸ் எழுதுன 100 டெசர்டேஷன எடுத்து, அதுல திரும்பத் திரும்ப வர்ற வாக்கியங்கள்ல இருந்து சப்ஜெக்ட் சமாச்சாரத்த எல்லாம் கழட்டிட்டு, எக்ஸ் ஒய்னு போட்டு வெறும் அமைப்ப மட்டும் வச்சிருக்காங்க. அதுக்கப்புறம் ரிசர்ச் பேப்பர்ஸ்ல இருந்தும் நெறைய சேத்துட்டே வந்திருக்காங்க.

இதுல எனக்குப் புடிச்சதே அடுக்கியிருக்குற விதம்தான். கிராமர் தலைப்பு வச்சு அடுக்கல, நீங்க என்ன செய்ய வர்றீங்களோ அத வச்சு அடுக்கியிருக்காங்க. இண்ட்ரோ எழுதணுமா, அடுத்தவங்க சொன்னத எடுத்துச் சொல்லணுமா, மெத்தட் விளக்கணுமா, ரிசல்ட் சொல்லணுமா, அதப் பத்திப் பேசணுமா, முடிக்கணுமா, இப்படி ஆறு பெரிய பிரிவு. அதோட வரையறை சொல்றது, ஒப்பிடுறது, காரணம் சொல்றது, டிரெண்ட் சொல்றது, விமர்சிக்கிறதுன்னு எல்லா சப்ஜெக்டுக்கும் பொதுவான வேலைங்க தனியா இருக்கு. இண்ட்ரோ பகுதியப் பாத்தீங்கன்னா அகாடமிக் எழுத்த ஆராய்ச்சி பண்ணுன ஜான் ஸ்வேல்ஸ் 1990ல சொன்ன வரிசையோட வாசம் நல்லாவே தெரியும், அதாவது இந்த ஏரியா ஏன் முக்கியம்னு முதல்ல, இதுவரைக்கும் என்ன விட்டுப் போயிருக்குன்னு அடுத்து, அந்த இடைவெளில நான் என்ன பண்றேன்னு கடைசில. இந்த வரிசை ஒரு தடவ கைக்கு வந்துட்டா சிவில்ல எழுதுனாலும் சைக்காலஜில எழுதுனாலும் அதே வரிசைதான் ஓடும்.

நம்ம ஊர்ல இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ஒண்ணு தெரியும், முதல் வருஷத்தோட இங்கிலீஷ் பேப்பர் முடிஞ்சிடும், அதுக்கும் லேப் ரெக்கார்டுக்கும் சம்பந்தமே இருக்காது. ரெக்கார்டுல எய்ம், அப்பாரட்டஸ், புரொசீஜர், கடைசில ரிசல்ட்ல 'தஸ் ஓம்ஸ் லா வாஸ் வெரிஃபைட்'னு ஒரு வரி, சைன் வாங்கிட்டு அடுத்த எக்ஸ்பெரிமெண்ட். அந்தப் பழக்கத்தோட அப்படியே யூனிவர்சிட்டி ரிப்போர்ட் எழுதப் போனா டிஸ்கஷன் பகுதில மாட்டிக்குவாங்க.

ஒரு ஜூனியர் தம்பி அனுப்புன டிராஃப்ட சொல்றேன். ஸ்டீல் துண்டுகள உப்புத் தண்ணில வேற வேற டெம்பரேச்சர்ல போட்டு அரிப்ப அளந்திருக்கான், கடைசில 'திஸ் புரூவ்ஸ்'னு ஆரம்பிச்சு டெம்பரேச்சர்தான் காரணம்னு அடிச்சுச் சொல்லிட்டான். ஃப்ரேஸ்பேங்க்ல டிஸ்கஷன் பகுதியத் தொறந்து, 'எ பாசிபிள் எக்ஸ்ப்ளனேஷன் ஃபார் திஸ் மைட் பி தட்'னு இருக்குற வரிய அவன் வாக்கியத்துக்கு முன்னாடி போடச் சொன்னேன். போட்டதும் அவனே கேக்குறான், அண்ணா ஒரு காரணம்னு சொன்னா வேற காரணமும் இருக்கணும்லன்னு. சூடு ஏற ஏற தண்ணில கரைஞ்சிருக்குற ஆக்சிஜன் கொறையும், அதுவும் அரிப்ப மாத்தும், அத இவன் அளக்கவே இல்ல. அதப் பத்தி ஒரு பாரா எழுதுனான், ரிப்போர்ட்லயே நல்ல பாரா அதுதான். அதனாலதான் இத வெறும் ரெடிமேட் வாக்கிய மூட்டைன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும், உங்க டேட்டா எந்த அளவுக்குத் தாங்குமோ அந்த அளவுக்கு மட்டும் பேச வைக்குது இது. அடுத்த செமஸ்டர்ல மேனேஜ்மெண்ட் எலெக்டிவ்ல எலக்ட்ரிக் வண்டி வாங்குறவங்கள வச்சு ஒரு சர்வே பண்ணுனான், அங்கயும் வருமானம் ஜாஸ்தி இருக்குறதாலதான் வாங்குறாங்கன்னு எழுதாம ரெண்டுக்கும் தொடர்பு இருக்குன்னு மட்டும் சொல்ற 'இஸ் அசோசியேட்டட் வித்'னு அவனா எழுதியிருந்தான், அதப் பாத்தப்ப ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

கொறைன்னு பாத்தா, எந்த டிபார்ட்மெண்ட்ல எந்த வரி எடுபடும்னு இது சொல்லாது. இன்ஜினியரிங்ல வழக்கமான ஐஇஇஇ ஸ்டைல்ல நம்பர் போட்டு மேற்கோள் காட்டுறவங்களுக்கு ஆசிரியர் பேர்ல ஆரம்பிக்கிற வாக்கியம் அவ்வளவா தேவைப்படாது, ஆசிரியர் பேரும் வருஷமும் போடுற ஹார்வர்டு, ஏபிஏ ஸ்டைல்ல எழுதுற சோஷியல் சயின்ஸ்காரங்களுக்கு அதுதான் சோறு. அதே மாதிரி 'ஆர்க்யூஸ்', 'கிளைம்ஸ்', 'டெமான்ஸ்ட்ரேட்ஸ்' எல்லாம் பக்கத்துல பக்கத்துல கிடக்கும், ஆனா 'கிளைம்ஸ்'னு போட்டா நீங்க அவர முழுசா நம்பலன்னு ஒரு வாடை வரும், 'டெமான்ஸ்ட்ரேட்ஸ்'னு போட்டா ஒத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம். இத உங்க துறைல வந்த நாலு நல்ல பேப்பரப் படிச்சாதான் புடிபடும்.

சிலர் இதுக்குப் பதிலா ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ல வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட்ட மனப்பாடம் பண்றாங்க. ஆர்ட்ஸ், காமர்ஸ், லா, சயின்ஸ் நாலுலயும் பொதுவா வர்ற 570 சொல் குடும்பம் (ஒரே வேர்ல இருந்து வர்ற சொற்கள் சேந்தது ஒரு குடும்பம்) அதுல இருக்கு, படிக்கிறதுக்கு ரொம்ப உதவும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா எழுத உக்காந்தா சொல்லு மட்டும் தெரிஞ்சு என்ன பண்றது, அது எந்த வாக்கியத்துல உக்காரும்னு தெரியணுமே. ரெண்டுல ஒண்ணுதான்னா என் ஓட்டு ஃப்ரேஸ்பேங்குக்குத்தான்.

காப்பி அடிச்சதா ஆயிடுமோன்னு நெறைய பேருக்கு பயம். சொந்த விஷயம் எதுவும் இல்லாத பொது வாக்கிய அமைப்புங்குறதால எடுத்துக்கிறதுல தப்பில்லன்னு சைட்லயே சொல்லியிருக்காங்க. காப்பி இருக்கான்னு பாக்குற டர்னிட்டின் சாஃப்ட்வேர் ரிப்போர்ட்ல இந்த மாதிரி துண்டு துண்டா நாலஞ்சு சொல்லு கலர்ல வரலாம், அதுக்கு பதறாதீங்க, பாரா பாராவா வந்தாதான் பிரச்சனை. ஏஐகிட்ட குடுத்து மொத்தமா எழுதி வாங்குறதுக்கு இது எவ்வளவோ மேல், எந்த வரிய ஏன் போட்டோம்னு வைவால கேட்டா உங்களால பதில் சொல்ல முடியும்.

காசுக்கு பிடிஎஃப் வெர்ஷனும் இருக்கு, ஆனா ஸ்டூடண்டுக்கு ஃப்ரீ சைட்டே போதும். அடிச்சுச் சொல்லாம ஜாக்கிரதையா சொல்றதுக்கு 'பீயிங் காஷியஸ்'னு ஒரு பகுதி இருக்கு, அதுல ஆரம்பிங்க. ஏற்கனவே எழுதி முடிச்ச ஏதோ ஒரு ரிப்போர்ட்ட எடுத்து டிஸ்கஷன்ல இருக்குற ஒவ்வொரு வெர்பையும் அந்தப் பக்கத்தோட வச்சுப் பாருங்க, எங்கெல்லாம் டேட்டாவ விட நீங்க ஜாஸ்தி பேசியிருக்கீங்கன்னு அங்கயே தெரிஞ்சிடும்.