செடிக்கு ஊதா விளக்கா, வெள்ளை விளக்கா?

வெயில் எட்டாத அடுக்குமாடி வீட்டில் செடி வளர்க்க எல்இடி விளக்கு தேடினால் இரண்டு வகை கண்ணில் படும்: சிவப்பும் நீலமும் கலந்த ஊதா, முழு நிறமாலை வெள்ளை.

ஊதாவுக்குக் காரணம் உண்டு. இலையின் பச்சையம் 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலத்தையும் 660-ஐ ஒட்டிய சிவப்பையும்தான் நன்றாக உறிஞ்சும். ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை கறுத்துத் தெரியும். மஞ்சளிப்பதும் மாவுப்பூச்சி ஒட்டியிருப்பதும் சட்டெனப் புலப்படாது. கூடத்தில் மாலை முழுக்க எரிந்தால் கண்ணும் கூசும்.

வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல எல்இடிதான். மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் மற்ற நிறங்களைத் தருகிறது. அதிலுள்ள பச்சை ஒளி வீண் இல்லை, இலைக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், ஊடுருவிக் கீழ் இலைகளுக்கும் கொஞ்சம் போகும். கீரை, துளசி, மணிபிளாண்ட் எதுவானாலும் நான் வெள்ளையைத்தான் சொல்வேன். மூடிய அலமாரிக்குள் நாற்று மட்டும் விடுபவருக்கு ஊதா போதும்.

எதை வாங்கினாலும் அட்டையில் உள்ள ‘1000 வாட்டுக்குச் சமம்’ என்பதை நம்ப வேண்டாம். விளக்கு உண்மையில் இழுக்கும் வாட்டையும் செடிக்குப் பயன்படும் ஒளி இலைமேல் எவ்வளவு விழுகிறது எனச் சொல்லும் பிபிஎஃப்டி (PPFD) அளவையும் பாருங்கள். அப்புறம், கீரைக்குத் தினமும் 12 முதல் 14 மணி நேர வெளிச்சம். ஒரு டைமர் மாட்டிவிட்டால் சரி.