கொளத்தூர் மெரைன் தொட்டிகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் கோல்டு ஃபிஷ், மோலி, ஃபைட்டர் எதைக் கேட்டாலும் அநேகமாகத் தொட்டியிலோ குளத்திலோ பொரித்து வளர்த்ததுதான் கைக்கு வரும். மெரைன், அதாவது கடல் மீன் தொட்டிப் பக்கம் திரும்பினால் நிலைமை தலைகீழ். உலக அளவிலேயே, அலங்காரத்துக்கு விற்கும் கடல் மீன் வகைகளில் மிகப் பெரும்பாலானவை இன்னமும் பவளப்பாறையிலிருந்து பிடித்து வருபவை. அந்த வரிசையில் கொடுக்கும் காசுக்குத் தகுந்தது ஒன்றே ஒன்று: பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஜோடி, அதாவது கடைக்காரர்கள் சொல்லும் 'க்ளவுன்'.

பாறையில் ஒரு கடல் சாமந்திக்குள், அதாவது கொட்டும் விழுதுகளோடு பூப்போல ஒட்டி வாழும் கடல் உயிருக்குள், ஒரு குடும்பம்தான் இருக்கும். பெரியது பெண், அடுத்தது ஆண், மிச்சமெல்லாம் முதிராத பொடிகள். பெண்ணைப் பிடித்துவிட்டால் அந்த ஆணே பெண்ணாக மாறும், பொடியில் பெரியது ஆணாகும். இது முடியும் வரை அங்கே முட்டை கிடையாது. சாமந்தியையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டால் மிஞ்சிய பொடிகள் களவா மாதிரி மீன்களுக்கு இரைதான். பண்ணைக் கணக்கே வேறு. ஒரு ஜோடி மண் ஓட்டிலோ டைல்ஸ் துண்டிலோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போல நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். ஏழெட்டு நாளில், விளக்கை அணைத்த பிறகு இருட்டில் பொரியும். குஞ்சுக்கு முதலில் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய உயிர் இரை, பிறகு ஆர்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இதைச் செய்து காட்டியவை. கடலிலிருந்து எடுத்தது இரண்டே மீன், ஆனால் வருடக்கணக்கில் குஞ்சு வந்துகொண்டே இருக்கும்.

எல்லாக் கடையிலும் 'டேங்க் ப்ரெட்', அதாவது தொட்டியில் பிறந்தது என்றுதான் சொல்வார்கள். சொல்லை விட்டுவிட்டுத் தொட்டியைப் பாருங்கள். இருபது முப்பது குஞ்சுகள் ஒரே அளவில், மூன்று சென்டிமீட்டர் சுமாருக்கு இருந்து, சிலவற்றில் வெள்ளைப் பட்டை பாதியில் நின்றிருந்தால் பெரும்பாலும் ஒரே ஈட்டுப் பண்ணைக் குஞ்சுகள். பெரிதும் சிறிதுமாகக் கலந்து, மூலையில் பதுங்கி, கூடவே சாமந்தியும் வந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பெல்லட் எனும் உருண்டைத் தீவனம் நாலு போடச் சொல்லுங்கள். பண்ணை மீன் உடனே மேலே வந்து கவ்வும். செவுள் மூடி உள்நோக்கிச் சுருண்டிருப்பது, முகம் சப்பையாக இருப்பது இரண்டும் பண்ணைக் கோளாறுகள், அதை ஒதுக்குங்கள். உடம்பில் சளி திரை திரையாக உரிந்தால் அது ப்ரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி நோய், கடலில் பிடித்து வந்த க்ளவுன்களில் அதிகம். ஓரிரு நாளில் மீனை முடித்துவிடும். அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்க வேண்டாம்.

கேட்க மறக்கக் கூடாதது உப்பளவு. நல்ல தண்ணீரை 1 என்று வைத்து ஒப்படர்த்தியாக இதைச் சொல்வார்கள். ஒட்டுண்ணியை அடக்கக் கடைத் தொட்டியை 1.018, 1.020 என்று குறைத்து வைப்பதுண்டு. வீட்டில் 1.025 இருக்க, பையைத் திறந்து அப்படியே விட்டால் மீன் தாங்காது. தனித் தொட்டியில் கடையின் அளவிலேயே விட்டு, நாளுக்கு 0.001 வீதம் ஏற்றுங்கள்.

ஜோடிக்கு 100 லிட்டர் போதும். லிட்டருக்கு 36 கிராம் வைத்தால் உப்பு 3.6 கிலோ. உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில், அதாவது ஒளி விலகலை வைத்து அளக்கும் கருவியில் பாருங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் கருவியில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே கணக்கு தப்பும். வீட்டு ஆர்ஓ தண்ணீரில் தாது கலந்து டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஏறியிருக்கும், எனவே மிச்ச தாதுக்களையும் நீக்கும் டிஐ வடிகட்டி தேவை. மெரினாவிலிருந்து கேனில் மொண்டு வரும் யோசனையே வேண்டாம், கூவம் வாய் பக்கத்திலேயே இருக்கிறது. சித்திரை வெயிலில் நீர்ப்பரப்பு மேல் ஒரு ஃபேன் இரண்டு மூன்று டிகிரி இறக்கும். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றாமல் உப்புத் தண்ணீர் ஊற்றுவதுதான் புதிதாக வைப்பவர்கள் செய்யும் பெரிய தப்பு. சாமந்தி வாங்கவே வேண்டாம், தொட்டியில் அது இல்லாமலே க்ளவுன் நன்றாக வாழும்.

மற்ற கடல் மீன்களில் மாண்டரின் கொள்ளை அழகு. ஆனால் கோபிபாடு என்ற உயிருள்ள நுண்ணிய ஓட்டுயிர்களைத்தான் நாளெல்லாம் பொறுக்கித் தின்னும், புதுத் தொட்டியில் பட்டினியில் சாகும். க்ளீனர் ராஸ் மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைத் தின்று பிழைப்பது. அதைப் பிடித்துவிட்டால் பாறையில் மற்ற மீன்களும் குறைகின்றன என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. வண்ணத்துப்பூச்சி மீனில் பல வகைக்குப் பவளமே சாப்பாடு. ப்ளூ டாங் தொட்டியில் விரலளவு, வளர்ந்தால் ஓர் அடி. பண்ணையில் முதன்முதலாக வளர்த்தெடுத்ததே 2016-இல்தான், எனவே கடையில் இருப்பது பெரும்பாலும் பிடித்தது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாப் பக்கம் பாறை இடுக்கில் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் உண்டு. பக்கத்துப் பவளம் அங்கேயே சாகும், மீன் சில வாரம் கழித்து உங்கள் வீட்டில் சாகும். பழி உங்கள் ஃபில்டர் மேல்.

லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியேறிய கடல் பாறை) என்று யாராவது பவளக்கல்லை நீட்டினால் கை வைக்காதீர்கள். 2001-இலேயே பவளங்களும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிவிட்டன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியெடுத்து, 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போனது தெரிந்த கதை. மீன் பிடிப்பதைவிட அந்த வெட்டும், கடல் சூடேறிப் பவளம் வெளுப்பதும் பெரிய அடி என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மீனை விட்டால் திரும்பப் பெருகும், குடியிருக்கும் பாறையே போனால் எங்கே பெருகுவது? கல்லுக்குப் பதில் செராமிக் கட்டிகள் போடுங்கள். மீன் கழிவின் அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா அதில் பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு கொளத்தூருக்குக் கிளம்பினால் போதும்.