பிள்ளைகளின் வீட்டு கேம் சர்வர்: பழைய லப்டொப்பா, ரஸ்பெரி பையா?

நாலைந்து பிள்ளைகள் வீட்டு வைஃபையில் சேர்ந்து கட்டி விளையாட, கட்டைகளை அடுக்கிக் கட்டும் லுவான்டி கேம் போதும். 2024 வரை மைன்டெஸ்ட் என்றிருந்த அதே மென்பொருள்தான். இலவசம், அன்ட்ரொயிட் போனிலும் ஓடும். எல்லாரும் வந்து இணையும் கணினியான சர்வரை எதில் வைப்பது?

கரண்ட் செலவில், கையளவு சின்னக் கணினியான ரஸ்பெரி பை 4 முன்னுக்கு நிற்கும். ஏறக்குறைய 5 வாட்ஸோடு நாள் முழுக்க ஓடும். லப்டொப் பொதுவாக அதைவிடக் கூட இழுக்கும்.

ஆனால் கரண்ட் நின்றால் கதை வேறு. பை அந்த நொடியே அணைந்துவிடும். அப்போது மெமரி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் கோப்பு பழுதாகலாம். பிள்ளை கிழமைக்கணக்கில் கல் கல்லாக அடுக்கிய கோணேசர் கோயில் கோபுரம் அதோடு போனால், அந்த முகத்தைப் பார்க்கவே முடியாது. பற்றரி நல்லா இருக்கிற லப்டொப் அசையாமல் ஓடும். ரவுட்டர் அணைந்தாலும் கட்டியது பத்திரம்.

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் கடலோர வீடென்றால் இன்னொன்று: லப்டொப் விசிறி உப்புக்காற்றை உள்ளே இழுக்கும். யன்னலருகே வைக்காதீர்கள்.

வீட்டில் லப்டொப் சும்மா கிடந்தால் அதுதான் என் தேர்வு. காசு கொடுத்து வாங்குவதானால் பை, கூடவே கரண்ட் நின்றாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டியான ஒரு சின்ன யுபிஎஸ். எதுவானாலும் சரி, லுவான்டி சர்வருக்குள் வரும் வாசலான 30000 போர்ட்டை ரவுட்டரில் வெளி இணையத்துக்குத் திறக்க வேண்டாம். முன்பின் தெரியாதவர்கள் நம் பிள்ளைகளோடு பேச வரக்கூடாது.