திரையா, ஹிஸ்டோகிராமா, மீட்டரா: ஸ்டுடியோ போர்ட்ரெய்ட்டில் எதை நம்புவது?

மேனுவல் ஸ்டுடியோ ஃப்ளாஷில் படமெடுக்கும்போது கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் உதவாது. ஷட்டர் திறந்த பிறகுதான் ஃப்ளாஷ் அடிக்கிறது. அதற்கு முன் கேமரா அளப்பது, ஃப்ளாஷிலேயே தொடர்ந்து எரியும் மாடலிங் விளக்கின் வெளிச்சத்தை மட்டுமே. அப்படியானால் எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு) சரிதானா என்று தெரிந்துகொள்ள மூன்று வழிகள் மிஞ்சுகின்றன: பின்பக்கத் திரை, ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம்), கையில் பிடிக்கும் ஃப்ளாஷ் மீட்டர்.

திரையைப் பார்த்து முடிவு செய்வதை நான் விட்டுவிட்டேன். இருட்டான அறையில் திரை பளிச்சென்று தெரியும். படம் ஓவராகிவிட்டது போல இருக்கும். கை தானாக வெளிச்சத்தைக் குறைத்துவிடும். இப்படி ஒரு முழு செட்டையும் ஒரு ஸ்டாப் அண்டரில் (அதாவது பாதி வெளிச்சத்தில்) எடுத்துவிட்டு, முகத்தை மென்பொருளில் தூக்கியபோது நிழல் பக்கமெல்லாம் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான கரகரப்பு). போஸும் ஃபோகஸும் பார்க்கத் திரை போதும்.

ஹிஸ்டோகிராம் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதற்கு முகம் எது, கோட்டு எது என்று தெரியாது. கறுப்புப் பின்னணியில் கறுப்பு உடை என்றால் வரைபடம் முழுக்க இடது பக்கம் குவியும், முகம் மிகச் சரியாக இருந்தாலும். வெள்ளைப் பின்னணியில் நேர்மாறு. சட்டகத்தில் முகம் பிடிக்கும் இடம் கொஞ்சம்தான், அதன் மேடு பின்னணியின் மலைக்குள் மறைந்துபோகிறது. ஆகவே முகம் மட்டும் சட்டகத்தை நிறைக்கும்படி ஒரு சோதனைப் படம் எடுத்து, அதன் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

அப்போதும் ஒற்றை வரைபடத்தை நம்ப வேண்டாம். பிரகாச வரைபடத்தில் பச்சைக்குத்தான் பங்கு அதிகம். தோலிலோ முதலில் நிரம்பி வழிவது சிவப்பு. சிவப்பு அதன் உச்சமான 255-ஐத் தொட்டு நின்றுவிட, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போனால் கன்னத்தில் மஞ்சள் திட்டு விழும். மொத்த வரைபடமோ ஒழுங்காகத் தெரியும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம்தான் போர்ட்ரெய்ட்டுக்கு ஏற்றது. இன்னொன்று: ரா கோப்பில் (சென்சார் தரும் பதப்படுத்தாத தகவல்) எடுத்தாலும் கேமரா பொதுவாக ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துத்தான் இந்த வரைபடத்தைப் போடுகிறது. கான்ட்ராஸ்ட் கூடிய பிக்சர் ஸ்டைல் (ஜேபெக்கின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கேமரா அமைப்பு) இருந்தால், ராவில் பத்திரமாக இருக்கும் வெளிச்சத்தையும் போய்விட்டதாகக் காட்டும். ஸ்டைலை நியூட்ரலில் வைத்துவிடுங்கள்.

ஃப்ளாஷ் மீட்டருக்கு இந்தக் குழப்பம் கிடையாது. முகத்திலிருந்து திரும்பி வரும் ஒளியை அது அளப்பதில்லை, முகத்தின் மேல் விழும் ஒளியை அளக்கிறது. மோவாயின் கீழே பிடித்து, வெள்ளைக் குமிழைக் கேமரா பக்கம் திருப்பி ஃப்ளாஷை அடித்தால், லென்ஸ் துளையை எந்த அளவில் வைக்க வேண்டும் என்று, எஃப் 8 என்பது போலக் காட்டும், அவ்வளவுதான். கறுத்த மேனியோ வெளுத்த மேனியோ, ரீடிங் ஒன்றே. அதனால்தான் கறுத்தவர் கறுப்பாகவும் வெளுத்தவர் வெளுப்பாகவும் படத்தில் வருகிறார்கள். திரும்பி வரும் ஒளியை அளக்கும் மீட்டரைப் போல இருவரையும் ஒரே சாம்பலாக இழுக்கும் தவறு நடப்பதில்லை. விளக்குகளைத் தனித்தனியாக அளக்கவும் இதுதான் வசதி. மெயின் (முக்கிய விளக்கு) எஃப் 8, ஃபில் (நிழலை நிரப்பும் விளக்கு) எஃப் 5.6 என்று குறித்துவைத்தால் அடுத்த வாரமும் அதே ஒளியைக் கொண்டுவரலாம்.

மீட்டருக்கும் குறை உண்டு. அது அளந்த இடத்துக்கு மட்டும்தான் அந்த அளவு பொருந்தும். ஒரு மீட்டர் தூரத்தில் உள்ள சிறிய விளக்கை நோக்கி உட்கார்ந்திருப்பவர் 30 செ.மீ. சாய்ந்தால் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் ஏறிவிடும். மீட்டர் அப்போது மேசையில் கிடக்கும். நெற்றி வெளுத்ததைக் காட்டிக்கொடுப்பது கேமராவில் மினுக்கும் ஹைலைட் எச்சரிக்கைதான் (வெளுத்துப்போன இடங்கள் திரையில் மினுக்கிக் காட்டப்படும்). அப்புறம், மீட்டரும் உங்கள் கேமராவும் மூன்றில் ஒரு ஸ்டாப் வரை வேறுபடலாம். கிரே கார்டை (நடுத்தரச் சாம்பல் நிற அட்டை) வைத்து ஒருமுறை சரிபார்த்து, வித்தியாசத்தை மீட்டரில் பதிந்துவிடுவது நல்லது.

ஒரே விளக்கில் எடுப்பவர் மீட்டர் வாங்க அவசரப்பட வேண்டாம். முகத்தை நெருங்கி எடுத்த சோதனைப் படமும் சிவப்பு வரைபடமும் போதும். இரண்டாவது விளக்கு வந்த நாளிலிருந்து என் ஓட்டு மீட்டருக்குத்தான்: அதில் அளந்து தொடங்குவேன், உட்கார்ந்திருப்பவர் நகரும்போதெல்லாம் எச்சரிக்கை மினுக்கைப் பார்ப்பேன்.