சென்னை மொட்டைமாடியில் அடீனியம்: பல வருடப் பராமரிப்பில் தெரிந்தவை

மாடியில் நாள் முழுக்க வெயில் அடிக்கிற மூலைக்கு அடீனியத்தைவிட நல்ல பூச்செடி கிடையாது. ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்து வறண்ட நிலத்துச் செடி. பருத்த அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் நாலைந்து நாள் தண்ணீர் விடாவிட்டாலும் தாங்கும். இங்கே அது சாவதெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில்தான்.

பழி மழைமேல் விழுந்தாலும், பெரும்பாலும் காரணம் மண். நர்சரியிலிருந்து களிப்பான செம்மண்ணிலோ வெறும் தேங்காய்நார்க் கழிவிலோ வரும் செடியை உடனே மாற்றுங்கள். கொரகொரப்பான ஆற்று மணல் 2 பங்கு, கடலை அளவு உடைத்த செங்கல் 1, செம்மண் 1, மக்கிய தொழுஉரம் 1, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) அலசித் தூளை நீக்காமல் போட்டால் கலவை இறுகிவிடும். ஊற்றிய தண்ணீர் மேலே தேங்காமல் உடனே அடித்துளையில் இறங்க வேண்டும். வேர் அறுந்திருந்தால் ஐந்தாறு நாள் நிழலில் காயவிட்டு நடுங்கள். நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம்.

பூ புதுத் துளிரின் நுனியில்தான் வரும் என்பதால் மாசியில் கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) அவசியம். வடியும் பால் விஷம், கண்ணில் படக்கூடாது. ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரைக் கிள்ளிவிடுங்கள். விட்டால் அதுவே செடியை ஆக்கிரமிக்கும்.

மழைக்காலத்தில் சன்ஷேடுக்குக் கீழே ஒதுக்கி, மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர். இலை கொட்டினால் பயப்பட வேண்டாம், அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். தோல் சுருங்கி லேசாகத் தளர்ந்து, மண்ணும் காய்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருக்கும்போதே ஓரிடம் மட்டும் கொழகொழவென்று அமுங்கினால் அழுகல். இதைத் தாகமென்று நினைத்துத் தண்ணீர் ஊற்றித்தான் பல செடிகள் போகின்றன. அழுகலென்றால் சுத்தமான கத்தியால் வெள்ளையான கெட்டிச் சதை வரும்வரை வெட்டி, கார்பென்டாசிம்-மான்கோசெப் பூஞ்சைக்கொல்லிப் பவுடர் தடவி, வெட்டு நன்றாகக் காயும்வரை மண்ணில் வைக்காதீர்கள். பாதிக்குமேல் போயிருந்தால் பிழைப்பது அரிது.

மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளித்தால் போதும். ஒரே இரவில் இலை காணாமல் போனால், விரல் தடிமனில் அரளிப் புழு இருக்கும். கையால் எடுத்துப் போடுங்கள்.

மழைக்கு ஒதுக்க ஓரடி இடம்கூட இல்லாத மாடியென்றால் காகிதப்பூ வைப்பதே மேல்.